யூ.எச்.சி. 2030-ஐ யார் நடத்துகிறார்கள்? தருமபுரி, கிருஷ்ணகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரூரில் சுய உதவிக் குழுக் கூட்டமானாலும், ஓசூரில் செவிலியர் மாணவிகளுக்கான வகுப்பானாலும், "அனைவருக்கும் சுகாதாரப் பாதுகாப்பு" என்ற பேச்சை எடுத்தவுடன் ஐ.நா., உலக வங்கி, ஜெனீவா என்று கேள்விகள் கிளம்பிவிடுகின்றன. திரும்பத் திரும்ப வருபவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். அவசரக்காரர்கள் பணத்தைப் பற்றிய கேள்விக்கு நேராகப் போய்விடலாம். பெரும்பாலோர் வருவது அதற்காகத்தான்.

யூ.எச்.சி. 2030 என்பது திட்டமா, நிறுவனமா, சங்கமா? ஒன்றும் பிடிபடவில்லையே.

அது ஒரு கூட்டணி. யூ.எச்.சி. என்பது "அனைவருக்கும் சுகாதாரப் பாதுகாப்பு" என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அரசுகள், ஐ.நா. அமைப்புகள், வளர்ச்சி வங்கிகள், அறக்கட்டளைகள், தன்னார்வ அமைப்புகள், தனியார் நிறுவனங்கள் ஆகிய எல்லாத் தரப்பும் ஒரே இடத்தில் கூடிப் பேசுவதற்காக ஏற்பட்டது. பணம் இல்லாத காரணத்தால் ஒருவருக்குச் சிகிச்சை கிடைக்காமல் போகக் கூடாது, சிகிச்சை பெற்ற காரணத்தால் அவர் கடனாளியாகவும் கூடாது. 2030-க்குள் இந்த நிலையை எட்ட வேண்டும் என்று 2015-இல் ஐ.நா. வகுத்த நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 3.8 என்ற எண்ணில் எழுதியிருக்கிறார்கள். அந்த ஓர் இலக்குக்காகக் கூடிய கூட்டணி இது.

இதற்கு மருத்துவமனை கிடையாது, அட்டை கிடையாது, பயனாளிப் பட்டியலும் கிடையாது. யாராவது இதன் பெயரைச் சொல்லி விண்ணப்பப் படிவம் விற்றால் வாங்காதீர்கள்.

அனைவருக்கும் சுகாதாரப் பாதுகாப்பு என்றால் காப்பீட்டு அட்டைதானே? அதுதான் எங்களிடம் இருக்கிறதே.

அட்டை அதில் ஒரு பகுதி மட்டுமே. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் வருமானமுள்ள குடும்பங்களுக்கானது. 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்த பிறகு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும்தான். மருந்துக் கடையில் மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கு அந்த அட்டையை நீட்ட முடியாது.

உலக அளவில் இதை இரண்டு கோல்களால் அளக்கிறார்கள். ஒன்று, சேவை கிடைக்கிறதா என்பது. தடுப்பூசி, பிரசவம், காசநோய், ரத்த அழுத்தம் முதலிய 14 அளவீடுகளை வைத்து 100-க்கு மதிப்பெண் போடுகிறார்கள். உலகின் மதிப்பெண் 2000-இல் 45, 2021-இல் 68. இன்னொன்று, கைச்செலவு எவ்வளவு என்பது. வீட்டுச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மருத்துவத்துக்குப் போனால் அந்தக் குடும்பம் ஆபத்தில் இருக்கிறது என்பது பல ஆண்டுகளாகப் பயன்பட்ட கணக்கு.

பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் கூலி வேலை பார்க்கும் ஒருவரின் வீட்டுச் செலவு மாதம் 12,000 ரூபாய் என்று வையுங்கள். கணவருக்குச் சர்க்கரை, மனைவிக்கு ரத்த அழுத்தம். மாத்திரை, பரிசோதனை, மருத்துவரின் கட்டணம், பஸ் செலவு எல்லாம் சேர்ந்தால் 1,200 ரூபாய் சாதாரணமாகத் தாண்டிவிடும். யாருக்கும் அறுவைச் சிகிச்சை நடக்கவில்லை. அட்டையும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஆனாலும் அந்தக் குடும்பம் கோட்டைத் தாண்டிவிட்டது.

இதை யார் ஆரம்பித்தது?

2007-இல் லண்டனில் "பன்னாட்டுச் சுகாதாரக் கூட்டணி" என்ற பெயரில் ஒன்று தொடங்கியது. உதவி கொடுக்கும் நாடுகள் ஆளுக்கொரு திட்டம், ஆளுக்கொரு அறிக்கை, ஆளுக்கொரு கணக்கு என்று ஏழை நாடுகளின் சுகாதாரத் துறைகளை அலைக்கழித்துக்கொண்டிருந்த காலம் அது. "நாட்டின் சொந்தத் திட்டம் ஒன்று, அதற்குப் பின்னால் எல்லோரும் நில்லுங்கள்" என்பதுதான் அந்தக் கூட்டணியின் மையக் கருத்து. நீடித்த வளர்ச்சி இலக்குகள் வந்த பிறகு 2016-இல் அதை விரிவுபடுத்தி யூ.எச்.சி. 2030 என்று மாற்றினார்கள். உதவி பெறும் நாடு, கொடுக்கும் நாடு என்ற பிரிவினையைத் தாண்டி எல்லா நாடுகளும் சேரலாம் என்று ஆனது அப்போதுதான்.

தலைவர் என்று ஒருவர் இருப்பார் அல்லவா? அவர் யார்?

ஒருவர் இல்லை. வழிநடத்தும் குழு என்று ஒன்று இருக்கிறது, அதற்கு இரண்டு இணைத் தலைவர்கள். கென்யாவைத் தலைமையிடமாகக் கொண்ட அம்ரெஃப் அமைப்பின் மருத்துவர் கிதிஞ்சி கிடாஹி, மெக்சிகோவின் அரசியல்வாதி கேப்ரியேலா குவேவாஸ் பாரோன், மக்கள் அமைப்புகளின் தரப்பிலிருந்து வந்த ஆஸ்திரேலியர் ஜஸ்டின் கூனின் ஆகியோர் வெவ்வேறு காலங்களில் இப்பொறுப்பில் இருந்திருக்கிறார்கள். மருத்துவர், நாடாளுமன்றக்காரர், மக்கள் அமைப்பைச் சேர்ந்தவர் என்று ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள் பாருங்கள். சுகாதார அமைச்சர்களும் அதிகாரிகளும் மட்டும் கூடும் இடமாக இது இருக்கக் கூடாது என்று முன்கூட்டியே தீர்மானித்திருக்கிறார்கள்.

குழுவில் இடங்கள் பிரிவுவாரியாக ஒதுக்கப்படுகின்றன. நாடுகளை வருமானத்தை வைத்துக் குறைந்த, கீழ்நடுத்தர, மேல்நடுத்தர, உயர் வருமான நாடுகள் என்று பிரித்திருக்கிறார்கள். பன்னாட்டு அமைப்புகள், அறக்கட்டளைகள், மக்கள் அமைப்புகள், தனியார் துறை ஆகியவற்றுக்கும் இடமுண்டு. ஒவ்வொரு பிரிவும் தன் பிரதிநிதியைத் தானே அனுப்புகிறது. போகிறவர் தன் நாட்டுக்காகவோ தன் நிறுவனத்துக்காகவோ பேசக் கூடாது, தன் பிரிவு முழுவதற்காகவும் பேச வேண்டும் என்பது விதி. நடைமுறையில் இது எவ்வளவு கடினம் என்பது, ஒன்றியக் கவுன்சிலராக இருந்து மற்ற ஊராட்சிகளுக்காகவும் பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்தியாவுக்கு எத்தனை ஓட்டு? அமெரிக்காவுக்கு எத்தனை?

இங்கே ஓட்டுக் கணக்கு இல்லை. ஒருமித்த கருத்து எட்டும்வரை பேசி முடிவெடுப்பதுதான் வழக்கம். மற்ற அமைப்புகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். உலக சுகாதார அமைப்பின் பேரவையில் நாட்டுக்கு ஓர் ஓட்டு. பசிபிக் தீவான துவாலுவுக்கும் ஒன்று, இந்தியாவுக்கும் ஒன்று. உலக வங்கியில் பங்கு வைத்திருக்கும் அளவுக்கு ஓட்டு. அமெரிக்காவிடம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, நம்மிடம் 3 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியத்தில் ஓட்டுரிமையுள்ள இடங்கள் 20. அவற்றில் பாதி நிதி தருவோர் பக்கம், பாதி செயல்படுத்துவோர் பக்கம்.

ஒருமித்த கருத்து என்பது கேட்க இனிமையாக இருக்கும். அதில் ஒரு விலையும் உண்டு. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வாசகம் பெரும்பாலும் யாரையும் உறுத்தாத வாசகமாகத்தான் இருக்கும். யூ.எச்.சி. 2030 வெளியிடும் ஆவணங்களைப் படித்தால் "ஊக்குவிக்க வேண்டும்", "வலுப்படுத்த வேண்டும்" என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். எந்த நாடு என்ன தவறியது என்று பெயர் சொல்லிக் கேட்கும் வரிகள் அபூர்வம்.

அலுவலகம் எங்கே?

தனிக் கட்டடம் இல்லை. ஜெனீவாவில் உள்ள உலக சுகாதார அமைப்பும் உலக வங்கியும் சேர்ந்து இதைத் தங்கள் கூரையின் கீழ் வைத்திருக்கின்றன. ஓ.இ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பும் பின்னர் சேர்ந்துகொண்டது. அன்றாட வேலையைப் பார்க்கும் சிறு செயலகத்தின் ஊழியர்கள் இந்த அமைப்புகளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: ஓ.இ.சி.டி.யில் இந்தியா உறுப்பினர் இல்லை. அது பெரும்பாலும் பணக்கார நாடுகளின் மன்றம்.

இதிலிருந்து நம் மாவட்டத்துக்குப் பணம் எவ்வளவு வரும்?

வராது. இது நிதி கொடுக்கும் அமைப்பே இல்லை.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டத்தை நினைத்துக்கொண்டுதான் பலர் இதைக் கேட்கிறார்கள். ஃபுளோரைடு தண்ணீரால் பற்களிலும் எலும்புகளிலும் பாதிப்பு ஏற்பட்டிருந்த நம் இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்த அந்தத் திட்டத்துக்கு ஜப்பானின் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமை கடன் கொடுத்தது. 2013-இல் அது நடைமுறைக்கு வந்தது. அங்கே கடன் ஒப்பந்தம் இருந்தது, திருப்பிச் செலுத்தும் பொறுப்பு இருந்தது, குழாயும் வந்தது. யூ.எச்.சி. 2030-இல் இவற்றில் எதுவும் இல்லை. செயலகத்துக்கு ஆகும் செலவையும் கூட்டங்களுக்கு ஆகும் செலவையும் சில அரசுகளும் அமைப்புகளும் நன்கொடையாகத் தருகின்றன. அதோடு சரி.

இன்னொரு குழப்பமும் உண்டு. உலக சுகாதார அமைப்பு 2011-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு தொடங்கிய கூட்டுத் திட்டம் ஒன்று ஏறத்தாழ இதே பெயரில் இருக்கிறது. அது நாடுகளுக்கு ஆலோசகர்களையும் தொழில்நுட்ப உதவியையும் அனுப்புகிறது. கல்லூரிக் கட்டுரைகளில்கூட இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகிறார்கள். இரண்டும் வேறு.

பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. பிறகு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?

நியாயமான கேள்வி. இதைக் கேட்காத கூட்டம் இல்லை. என் பதில்: இதன் வேலை, நாடுகள் வாக்குக் கொடுக்கும் நேரத்தில் வாக்கின் வாசகத்தைத் திருத்துவது, கொடுத்த பிறகு அதை நினைவூட்டுவது. இந்த இரண்டும் தவிர இதனிடம் வேறு ஆயுதம் இல்லை.

2019 செப்டம்பர் 23 அன்று ஐ.நா. பொதுச் சபை, அனைவருக்கும் சுகாதாரப் பாதுகாப்புக்காக முதன்முறையாக உயர்மட்டக் கூட்டம் நடத்தியது. அதற்கு முன்பே யூ.எச்.சி. 2030 தன் எல்லாப் பிரிவுகளையும் கலந்து பேசி, தலைவர்களிடம் என்னென்ன கேட்பது என்று ஒரு கோரிக்கைப் பட்டியலைத் தயாரித்தது. கூட்டத்தில் எல்லா நாடுகளும் ஏற்ற அரசியல் பிரகடனத்தில் அந்தக் கோரிக்கைகளின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. அடிப்படைச் சுகாதாரத்துக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் கூடுதலாக 1 சதவீதத்தையோ அதற்கு மேலோ ஒதுக்கும் இலக்கை நாடுகள் தங்கள் சூழலுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம் என்ற வரி அந்தப் பிரகடனத்தில்தான் இருக்கிறது. "சூழலுக்கு ஏற்ப" என்ற ஒட்டுச் சொல்லைப் பார்த்தீர்களா? ஒருமித்த கருத்தின் விலை என்று மேலே சொன்னது இதைத்தான். 2023 செப்டம்பர் 21 அன்று இரண்டாவது கூட்டம் நடந்தது. அடுத்தது 2027-இல்.

நினைவூட்டும் வேலைக்கு, நாடுகளின் வாக்குறுதிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்ற மதிப்பாய்வை 2020 முதல் வெளியிடுகிறார்கள். அரசு கொடுக்கும் புள்ளிவிவரத்தோடு அந்த நாட்டு மக்கள் அமைப்புகளின் கருத்தையும் கேட்டுச் சேர்ப்பது இதன் சிறப்பு. டிசம்பர் 12-ஐ உலக நாளாகக் கொண்டாடுவதும் ஒரு நினைவூட்டல்தான். 2012-இல் அதே தேதியில் ஐ.நா. பொதுச் சபை இதைப் பற்றித் தீர்மானம் போட்டது.

இதற்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம்? நேராகச் சொல்லுங்கள்.

நேரான நிர்வாகச் சம்பந்தம் கிடையாது. ஆனால் இந்தக் கூட்டணி பேசுகிற விஷயத்தைத் தமிழ்நாடு சோதித்துப் பார்த்த இடங்களில் நம் பகுதிக்கு முக்கியமான பங்கு உண்டு. 2017 வாக்கில் அனைவருக்கும் சுகாதாரப் பாதுகாப்புக்கான முன்னோட்டத் திட்டத்துக்கு மூன்று வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சூளகிரி, புதுக்கோட்டையின் விராலிமலை, பெரம்பலூரின் வேப்பூர். துணை சுகாதார நிலையங்களில் ஆட்களையும் மருந்துகளையும் கூட்டி, ஊருக்குள்ளேயே வெளிநோயாளிகளைப் பார்க்கும்படி செய்தார்கள். சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இதை மதிப்பிட்டபோது, துணை நிலையங்களுக்கு வருவோர் கூடியதும் தனியாரிடம் போவோர் குறைந்ததும் வெளிநோயாளிகளின் கைச்செலவு இறங்கியதும் தெரியவந்தது.

அடுத்து, 2021 ஆகஸ்ட் 5 அன்று "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கப்பட்டதும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். 2024-இல் தொற்றா நோய்களுக்கான ஐ.நா. முகமைகளின் பணிக்குழு அந்தத் திட்டத்துக்கு விருது கொடுத்தது. விருதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, வீட்டுத் திண்ணையில் நடக்கும் வேலை. சூளகிரிப் பக்கம் ஒரு கிராமத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர் ஒருவரோடு சில வீடுகளுக்குப் போயிருக்கிறேன். கேழ்வரகு உலர்த்தியிருந்த வாசலில் பையை இறக்கி, மூதாட்டியின் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, "அவ்வா, போன மாதத்து அட்டையைக் கொண்டு வாருங்கள்" என்றார். அட்டையில் ஒன்பது மாத்திரைகள் பிரிக்கப்படாமல் இருந்தன. பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போனபோது எடுத்துப் போக மறந்துவிட்டாராம். தன்னார்வலர் பேச்சுக்கு இடம் கொடுக்காமல் குறிப்பேட்டில் "9 மிச்சம்" என்று எழுதினார், காலைத் தூக்கச் சொல்லிப் பாதத்தில் புண் இருக்கிறதா என்று பார்த்தார். உலக மதிப்பெண்ணில் ரத்த அழுத்தத்துக்கு ஓர் அளவீடு இருக்கிறது என்றேனே, அந்த எண் இந்தக் குறிப்பேடுகளிலிருந்து தொடங்கினால்தான் அதற்கு அர்த்தம் உண்டு.

இவை எதையும் யூ.எச்.சி. 2030 உத்தரவிடவில்லை. இதற்கான பெருமையை அதற்குக் கொடுத்துவிடாதீர்கள்.

உலக வங்கி நம் மாநிலத்துக்குக் கடனும் கொடுக்கிறது, இந்தக் கூட்டணியையும் வைத்து நடத்துகிறது. கடன் கொடுப்பவரே அறிவுரையும் சொன்னால் சரியா?

முரண்பாடு இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்துக்கு 2019-இல் உலக வங்கி 28.7 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. கட்டடத்துக்கு இவ்வளவு என்று கொடுக்காமல், ஒப்புக்கொண்ட விளைவுகளைக் காட்டினால் தவணை விடுவிப்பது அந்தக் கடனின் முறை. அந்த விளைவுகளில் ஒன்றாக வந்ததுதான் மாவட்டச் சுகாதாரப் பேரவை. மருத்துவர்கள், உள்ளாட்சிப் பிரதிநிதிகள், பொதுமக்கள் ஓரிடத்தில் கூடி மாவட்டத்தின் சுகாதாரத் தேவைகளைப் பட்டியலிடும் கூட்டம் அது.

கடன் கொடுத்தவர் சொல்லித்தான் மக்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டியிருந்தது என்று கேலி செய்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை. கதவு எப்படித் திறந்தாலும் உள்ளே போவது நம் வேலை. யூ.எச்.சி. 2030-ஐப் பொறுத்தவரை, வங்கி தனியாக முடிவெடுக்க முடியாதபடி மற்றப் பிரிவுகள் உட்கார்ந்திருக்கின்றன என்பதே பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பு, அங்கே உட்காருகிறவர்கள் வாய் திறந்து பேசுகிற அளவுக்குத்தான் வேலை செய்யும்.

தனியார் கம்பெனிகளை ஏன் உள்ளே விட்டார்கள்? நரியிடம் கோழியைக் காவல் வைத்த கதை அல்லவா?

இந்தியா போன்ற நாடுகளில் வெளிநோயாளிகளில் பெரும்பகுதியினர் தனியாரிடம் போகிறார்கள். மருந்தும் கருவியும் தயாரிப்பவர்கள் தனியார்தான். அவர்களைத் தவிர்த்துவிட்டுப் பேசினால் பாதி விஷயம் பேசாமல் போகும் என்பது கூட்டணி சொல்லும் காரணம். தனியார் பிரிவை ஒருங்கிணைக்கும் வேலையைத் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மன்றம் செய்தது. சேருகிற நிறுவனங்கள் யாரையும் விட்டுவிடக் கூடாது, வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பன போன்ற கோட்பாடுகளை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும்.

கூட்டணியைத் தன் கூரையின் கீழ் வைத்திருக்கும் உலக சுகாதார அமைப்புக்கு, அரசு சாராதவர்களோடு பழகுவதற்கென்று 2016-இல் ஏற்ற விதிமுறை இருக்கிறது. புகையிலை, ஆயுதத் தொழில்களோடு எந்த உறவும் கூடாது என்பது அதில் உண்டு. இது போதுமா? போதாது என்பதுதான் என் கருத்து. சர்க்கரைப் பானம், தனியார் காப்பீடு போன்ற தொழில்களுக்கு அவ்வளவு திட்டவட்டமான தடை இல்லை. நரியைக் கூண்டுக்கு வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள், ஆனால் முற்றத்துக்குள்தான் உட்கார வைத்திருக்கிறார்கள்.

எங்கள் சங்கம் சிறியது. அரூர் தாண்டி யாருக்கும் தெரியாது. சேர முடியுமா?

முடியும். மக்கள் அமைப்புகளுக்கென்று கூட்டணிக்குள் ஒரு தனி வலையமைப்பு இயங்குகிறது. வழிநடத்தும் குழுவில் மக்கள் தரப்புப் பிரதிநிதிகள் இதன் வழியாகத்தான் போகிறார்கள். பெரிய அலுவலகமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. கூட்டணியின் உலகளாவிய உடன்படிக்கையில் உள்ள கோட்பாடுகளை ஏற்க வேண்டும். யாரையும் விட்டுவிடாமை, விளைவுகளுக்கு வெளிப்படையாகப் பொறுப்பேற்றல், ஆதாரத்தின் அடிப்படையிலான நாட்டுத் திட்டம், மக்களையும் எல்லாத் தரப்பையும் சேர்த்துக்கொள்ளுதல், நாடுகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றல் என்று ஐந்து.

சிறியவர்களிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கியில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993-இல் ஒரு குடிசையில் தொடங்கிய பழங்குடியினர் நலப் பணி, உள்ளூர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து மருத்துவமனையாக வளர்ந்தது. "யாரையும் விட்டுவிடாமை" என்ற வாசகத்துக்கு ஜெனீவாவில் உட்கார்ந்து விளக்கம் எழுதுகிறவர்களைவிட, மழைக்காலத்தில் மலைப்பாதையில் கர்ப்பிணியை இறக்கிக் கொண்டுவந்தவர்களுக்கு அதிகம் தெரியும். தடை இருக்கிறதென்றால் அது மொழிதான். கூட்டங்களும் ஆவணங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள ஒரு பெரிய வலையமைப்போடு சேர்ந்து போவது நடைமுறைக்கு உகந்தது.

நாடு ஒப்புக்கொண்டுவிட்டுச் செய்யாமல் விட்டால் வழக்குப் போடலாமா?

பிரகடனத்தை வைத்துப் போட முடியாது. அது அரசியல் வாக்குறுதி, சட்டம் இல்லை. கூட்டணியின் உடன்படிக்கையும் அப்படித்தான்.

ஆனால் நம் நாட்டுச் சட்டத்தை வைத்துப் போடலாம். அரசு மருத்துவமனைகள் அவசரச் சிகிச்சையை உரிய நேரத்தில் தராமல் விடுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்க வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ராஜஸ்தான் 2023-இல் சுகாதார உரிமைச் சட்டமே இயற்றியது. நம்மிடம் 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இருக்கிறது. அந்தக் காலத்துக்கு முன்னோடியானதுதான், ஆனால் நோயாளியின் உரிமையைப் பேசுவதற்காக எழுதப்பட்டதல்ல.

வரவு செலவை யார் தணிக்கை செய்கிறார்கள்? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா?

கூட்டணிக்குத் தனிச் சட்ட உருவம் இல்லாததால், ஆளை நியமிப்பதும் பணத்தைச் செலவிடுவதும் அதைத் தாங்கி நிற்கும் அமைப்புகளின் விதிப்படி, அவற்றின் தணிக்கையின் கீழ் நடக்கின்றன. வழிநடத்தும் குழு வேலைத்திட்டத்தையும் முன்னுரிமைகளையும் தீர்மானிக்கும், ஆனால் காசோலைப் புத்தகம் அதன் கையில் இல்லை. இந்த இரட்டை அமைப்பில் வசதியும் உண்டு, சிக்கலும் உண்டு. குழு ஒன்றைச் சொல்லி, தாங்கி நிற்கும் அமைப்பு தாமதித்தால் யாரைக் கேட்பது என்று தெளிவாக இருக்காது.

நம் தகவல் உரிமைச் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தாது. அந்தச் சட்டத்தை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் நோயாளர் நலச் சங்கக் கணக்கைக் கேட்கப் பயன்படுத்துங்கள். கிடைக்கும்.

அமெரிக்கா உலக சுகாதார அமைப்பை விட்டு விலகிவிட்டதே. கூரையே ஆடும்போது இது நிற்குமா?

2025 ஜனவரியில் விலகல் உத்தரவு வந்தது, ஓராண்டு அறிவிப்புக் காலத்தோடு. பெரிய நன்கொடையாளர் போனதால், 2026-27-க்கு முதலில் திட்டமிட்ட 530 கோடி டாலர் வரவுசெலவை உறுப்பு நாடுகள் 420 கோடியாகக் குறைத்து ஒப்புதல் கொடுத்தன. இப்படிக் கைகடிக்கும் காலத்தில் முதலில் அடிபடுவது, உயிர் காக்கும் அவசரப் பணிகள் அல்ல, இதுபோன்ற பேச்சுவார்த்தை மேடைகள்தான். மூன்று அமைப்புகள் சேர்ந்து தாங்குவதால் ஒன்று தளர்ந்தாலும் உடனே விழாது. ஆனால் மெலியும்.

2030 வந்துவிட்டால் கடையை மூடிவிடுவார்களா?

பெயரில் ஆண்டை வைத்துக்கொண்ட எல்லா அமைப்புகளுக்கும் வரும் சங்கடம் இது. இலக்கு அதற்குள் எட்டப்படாது என்பது இப்போதே தெளிவு. 2021 நிலவரப்படி உலகில் சுமார் 450 கோடிப் பேருக்கு அடிப்படைச் சேவைகள் முழுமையாகக் கிடைக்கவில்லை, 2015-க்குப் பிறகு முன்னேற்றத்தின் வேகமும் குறைந்துவிட்டது. மேலே சொன்ன 2027 ஐ.நா. கூட்டத்தில்தான் 2030-க்குப் பிந்தைய பேச்சு சூடுபிடிக்கும். மக்கள் அமைப்புகள் தங்கள் கோரிக்கைகளைச் சேர்க்க விரும்பினால் அதற்கு முந்தைய மாதங்கள்தான் சரியான நேரம்.

எங்கள் துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் இடம் காலியாகவே கிடக்கிறது. ஜெனீவாவுக்கு ஒரு மனு போடலாமா, சார்?

போடலாம், ஆனால் செவிலியர் வர மாட்டார். தனிக் குறைகளைக் கேட்டுத் தீர்க்கும் ஏற்பாடு அங்கே இல்லை. வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். அடுத்த கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மான நகலோடு மாவட்ட சுகாதார அலுவலரைப் பாருங்கள், மாவட்டச் சுகாதாரப் பேரவை கூடும்போது அதே நகலை அங்கும் வையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கும் சேவைக் குறைகளுக்கும் 104 என்ற எண் இருக்கிறது.

இதே காலியிடம் பென்னாகரத்திலும் அஞ்செட்டியிலும் தளியிலும் இருப்பது தெரிந்தால், அப்போது அது தனிக் குறை அல்ல. எந்தத் துணை நிலையம், எந்த மாதத்திலிருந்து காலி, அருகில் உள்ள அடுத்த நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்ற மூன்று விவரங்களை ஊர்வாரியாகச் சேர்த்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள். மக்கள் அமைப்புகளின் வலையமைப்பு நாட்டு மதிப்பாய்வுக்குக் கருத்துக் கேட்கும்போது அனுப்ப வேண்டியது அந்த ஒரு பக்கத்தைத்தான்.